நாய்க்கு ஓட்டம் போதவில்லையா, கோளாறு வேறெங்காவதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நாய் செருப்பைக் கடித்தாலும், பால்கனியில் நின்று நாள் முழுக்கக் குரைத்தாலும், வாலைத் துரத்தினாலும் அடுக்குமாடி வீடுகளில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் ஓடவிடுங்கள்." ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைச் சென்னையில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தப் புகார் வாரந்தோறும் வேறு வேறு முகத்தோடு வந்து நிற்கிறது. பெரும்பாலும் கோளாறு கால்களில் இருப்பதில்லை. மூக்குக்கு வேலை இல்லாமல் இருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், அல்லது உடம்பில் யாரும் கவனிக்காத நோவு இருக்கும்.

உங்கள் வீட்டுத் தொல்லைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## முதல் கேள்வி: தொல்லை பழையதா, புதியதா?

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். தொல்லை மாதக்கணக்கில் இருக்கிறது, நாய் வழக்கம்போலச் சாப்பிடுகிறது, மலம் சரியாகப் போகிறது என்றால் கீழே படிக்கலாம்.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த நாய் இந்த வாரம் திடீரென்று மாறிவிட்டதா? ஓட்டம், விளையாட்டு, பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடம்பைப் பாருங்கள். உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் (சில நாய்களுக்குப் பிறவியிலேயே கறுப்பு, அப்போது கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்). காது மடலின் உள்ளே, விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஓய்வாகப் படுத்திருக்கும்போதே 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள்.

உடம்பு நன்றாக இருந்தால் மூன்று நாளுக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எப்போது தூங்கியது, எவ்வளவு நேரம் தனியாக இருந்தது, எப்போது வெளியே போனது, தொல்லை எத்தனை மணிக்குத் தொடங்கியது. எழுதச் சொன்னால் பலரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எழுதியவர்களுக்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடுகிறது.

## அறிகுறி: மாலையானால் பேய் பிடித்ததுபோல் ஓடுகிறது, கையைக் கவ்வுகிறது

ஒரு வயதுக்குட்பட்ட குட்டி என்றால்

முதல் சந்தேகம் தூக்கக் குறைவு. இளங்குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், காய்கறிக்காரர், வேலைக்கு வரும் அம்மா, அழைப்பு மணி என்று பகல் முழுக்க எழுந்து எழுந்து ஓடிய குட்டிக்கு ஆறு மணிக்கு மேல் நிதானம் போய்விடுகிறது. வீட்டார் அதைத் தெம்பு என்று எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் மேலும் ஓடவிடுகிறார்கள். அன்று இரவு கடி இன்னும் கூடும்.

சோதனை எளிது. மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் அறையில், விளக்கை அணைத்து, மின்விசிறியைப் போட்டு, இரண்டு மணி நேரம் படுக்கவிடுங்கள். ஒரு வாரத்தில் மாலைக் கூத்து குறைந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. படி ஏறி இறங்க வைப்பதும் சைக்கிளோடு ஓட வைப்பதும் எலும்பு முதிராத குட்டிக்கு ஆகாது, பெரிய இனங்களுக்குக் கண்டிப்பாக ஆகாது.

வளர்ந்த நாய், தினமும் கீழே போய் வருகிறது, ஆனாலும் அடங்கவில்லை

எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்காதீர்கள். போய் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு கையில் சங்கிலி, மறு கையில் செல்பேசி, சிறுநீர் கழித்தவுடன் "வா, வா" என்று இழுத்துக்கொண்டு திரும்புவது கழிப்பறைக்குப் போய் வந்த கணக்கில்தான் சேரும்.

ஒரு வாரத்துக்கு இதைச் செய்து பாருங்கள். தூரத்தைப் பாதியாக்கி, நேரத்தை அப்படியே வையுங்கள். கயிறு 2 மீட்டராவது இருக்கட்டும். நாய் எங்கே மூக்கை வைக்கிறதோ அங்கே நில்லுங்கள். மின்கம்பத்தின் அடியில் அது மோப்பம் பிடிப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும்: மூச்சை உள்ளே இழுக்கும்போது நாசித்துளை விரியும், வெளியே விடும் காற்று இரு பக்கத்துக் கீறல்கள் வழியாகப் பீறிட்டு மண்ணைக் கிளப்பும், பிறகு ஒரு தும்மல், ஓர் உதறல், அடுத்த இடம். பத்து இடங்களை இப்படி முடித்த நாய் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகவே காலை நீட்டிப் படுத்துவிடும். குப்பைத் தொட்டியையும் எலி விஷம் வைத்திருக்கக்கூடிய ஓரங்களையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இத்தோடு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் வைப்பதை நிறுத்துங்கள். கடைத் தீனி என்றால் ஒரு பழைய துண்டில் தூவி, சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம். முட்டை வாங்கும் அட்டையின் குழிகளில் போட்டு, மேலே இன்னோர் அட்டையைக் கவிழ்க்கலாம். வீட்டுச் சோறு என்றால் உப்பில்லாத தயிர்சாதத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் அழுத்தி, உறைய வைத்து, தரையில் கவிழ்த்து வையுங்கள். சிரட்டையைப் புரட்டி நக்கி முடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விடும். முடித்ததும் சிரட்டையை எடுத்துவிட வேண்டும், கடித்து நொறுக்கிச் சில்லை விழுங்கும் நாய்கள் உண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எந்த விளையாட்டிலும் வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஓடுகிறது, பந்து விளையாடுகிறது, ஆனாலும் அடங்கவில்லை

இங்கே கூட்ட வேண்டியதில்லை, குறைக்க வேண்டும். தினமும் பந்தை எறிந்துகொண்டே இருந்தால் உடல் திறன் ஏறிக்கொண்டே போகும், மனம் மட்டும் இறங்காது. பந்தைக் கையில் எடுத்ததுமே கீச்சிடுகிறது, நிறுத்தியபின் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் பந்தை இரண்டு வாரம் கண்ணில் காட்டாதீர்கள். அந்த நேரத்தை மோப்ப நடைக்கும், வீட்டுக்குள் தேடும் விளையாட்டுக்கும் மாற்றுங்கள். வேகவைத்த கோழி ஈரல் துணுக்குகளை ஒளித்துவைத்தால் போதும்.

லேசர் விளக்கால் சுவரில் புள்ளி காட்டி விளையாடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: இன்றே நிறுத்துங்கள். கையில் அகப்படாத ஒன்றைத் துரத்தப் பழகிய நாய், பிறகு பாத்திர வெளிச்சத்தையும் நிழலையும் துரத்தத் தொடங்கும். அது பழக்கமாக முற்றி, கூப்பிட்டாலும் திரும்பாத நிலைக்கு வந்திருந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. நடத்தைச் சிக்கல்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் தேவை.

## அறிகுறி: கண்டதையும் கடித்துக் குதறுகிறது

4 முதல் 7 மாதம் வரை: பல் மாறும் பருவம். ஈரத் துணியை முறுக்கி உறைய வைத்துக் கொடுங்கள், உங்கள் கண் முன்னே. செருப்பை உயரத்தில் வையுங்கள். அதற்குமேல் மருந்து கிடையாது.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கடிக்கிறது: உங்கள் கவனம்தான் பரிசு. செருப்பைக் கவ்வினால் வீடே எழுந்து துரத்துகிறது, சும்மா படுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். கடிக்கத் தோதான பொருள் எப்போதும் ஒன்று தரையில் கிடக்கட்டும். மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை, சமைத்த எலும்பு மூன்றும் அந்தப் பட்டியலில் வரவே கூடாது. முதல் இரண்டும் குடலை அடைக்கும், மூன்றாவது சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். மாம்பழக் காலத்தில் அறுவை சிகிச்சைவரை போன கதைகளை எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார்.

நீங்கள் இல்லாதபோது மட்டும் கடிக்கிறது: பழைய செல்பேசியில் வீடியோவைப் போட்டுவிட்டு வெளியே போங்கள். இரண்டில் ஒன்று தெரியும். நாய் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தலையணையைத் தேடிப் போனால் அது பொழுதுபோகாத வேலை. மேலே சொன்ன துண்டும் முட்டை அட்டையும் போதும். நீங்கள் கதவைச் சாத்திய சில நிமிடங்களிலேயே மூச்சிரைக்கிறது, எச்சில் வடிகிறது, வாசற்கதவைப் பிறாண்டுகிறது, ஊளையிடுகிறது, வைத்த தின்பண்டத்தைத் தொடவே இல்லை என்றால் அது தனிமை பயம். இதற்கு ஓட்டம் மருந்தே இல்லை. களைத்த நாய் களைப்போடு பயப்படும், அவ்வளவுதான். சில விநாடி, பிறகு ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று நாய் பதறத் தொடங்கும் முன்பே திரும்பி வந்து பழக்க வேண்டும். நகம் பிய்ந்து ரத்தம் வந்தாலோ பல் உடைந்தாலோ வீடியோவோடு மருத்துவரைப் பாருங்கள்; சில நாய்களுக்கு மாத்திரையும் தேவைப்படுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சுண்ணாம்பு, மண், கல், துணி என்று விழுங்கவே செய்கிறது: குடற்புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பிறகு மலமும் ரத்தமும் சோதிக்க வேண்டும். விழுங்கியபின் வாந்தி தொடர்ந்தால் அன்றே போக வேண்டும்.

## அறிகுறி: பால்கனியிலும் கேட்டிலும் நாள் முழுக்கக் குரைக்கிறது

தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது நாய்க்குப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். தபால்காரர் வந்தார், நாய் குரைத்தது, அவர் போய்விட்டார். தான் குரைத்ததால்தான் போனார் என்பது நாயின் முடிவு. ஒவ்வொரு நாளும் அந்த வேலையில் அதற்கு வெற்றிதான்.

கம்பிக்கு நாயின் கண் உயரம்வரை பச்சை வலையோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். குரைப்பு பாதியாவது குறையும். வலை கட்டியும் சத்தத்துக்கே குரைத்தால், அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளறையில் தின்பண்டத்தைத் தூவுங்கள்; மணி என்றால் உள்ளே ஓடு என்று மாறும்வரை. பால்கனியிலேயே நாள் முழுக்கக் கட்டிவைத்திருக்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், முதலில் அவிழ்த்து உள்ளே விடுங்கள்.

ஆளைப் பார்த்து உடல் விறைத்து, உறுமி, பல்லைக் காட்டி, கடிக்கவும் முயன்றால் பயிற்சியாளர் வேண்டும். கம்பு, முள் பட்டை, மின்னதிர்ச்சிப் பட்டை வைத்திருப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வலிக்குப் பயந்து உறுமலை நிறுத்திய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

## அறிகுறி: வெளியே இழுத்துக்கொண்டு ஓடுகிறது, வாக்கிங்கே வேண்டாம் என்றாகிவிட்டது

முதலில் கையில் இருப்பதை மாற்றுங்கள். குட்டையான இரும்புச் சங்கிலி இழுப்பைக் கூட்டும். மார்புப் பக்கம் வளையம் வைத்த ஹார்னெஸ் வாங்குங்கள். நாய் இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனைக்குக்கூடப் போய்ச் சேர மாட்டீர்கள். பரவாயில்லை.

சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு: இவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஒரு பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் உங்கள் குரல் காதில் ஏறாது. சிப்பிப்பாறைக்குத் தலையைவிடக் கழுத்து பருமன், சாதாரணப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையோ, நன்றாகப் பொருந்தும் ஹார்னெஸோ போடுங்கள். இவற்றுக்கு நாள் முழுக்க ஓட்டம் வேண்டும் என்பது கட்டுக்கதை. சுற்றுச்சுவர் உள்ள இடத்தில், விடியற்காலையில், சில நிமிடப் பாய்ச்சல்கள் கிடைத்தால் மீதி நேரம் சோபாவில் சுருண்டுகொள்ளும். அந்தப் பாய்ச்சல் கிடைக்காத நாய்தான் மதிலேறிக் குதிக்கிறது. வெள்ளை இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வரும். கூப்பிட்டால் வருவதே இல்லை என்றால், அடங்காத நாய் என்று முடிவு கட்டும் முன் அது தூங்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள்.

தெருநாய்கள் வழிமறிக்கின்றன: கூட்டமாக உணவு போடும் நேரத்தைத் தவிர்த்து வேறு நேரம் போங்கள். ஓடாதீர்கள், நாயைத் தூக்காதீர்கள், நின்று மெல்லத் திரும்புங்கள். கடி பட்டுவிட்டால், உங்கள் நாய்க்கு ஆண்டுத் தடுப்பூசி போட்டிருந்தாலும் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரேபிஸ் ஊசி போட வேண்டும். விலக்கப் போன உங்களுக்குக் கீறல் விழுந்திருந்தால் 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் மருத்துவமனைக்குப் போங்கள்.

## அறிகுறி: மழை நாளில் மட்டும் வீடு ரணகளம்

வடகிழக்குப் பருவமழையில் நான்கு நாள் தொடர்ந்து கொட்டும்போது யாரும் கீழே இறங்க முடியாது. தட்டில் சாப்பாடே வைக்காமல் எல்லாத் தீனியையும் தேட வையுங்கள். மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு துணுக்கு, அட்டைப் பெட்டிக்குள் பழைய செய்தித்தாள் உருண்டைகள், நடுவே தின்பண்டம். கிழித்துப் போடட்டும்; பெருக்குவது சோபா வாங்குவதைவிடச் சுலபம். தேங்கிய தண்ணீரில் இறங்கவும் குடிக்கவும் விடாதீர்கள், எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரா என்ற கிருமி வரும். காய்ச்சல், வாந்தி, மஞ்சள் கண் எதைப் பார்த்தாலும் மருத்துவர்.

## அறிகுறி: வாக்கிங் போக மறுக்கிறது, நடுவழியில் உட்கார்ந்துகொள்கிறது

தரைச் சூடு. புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. மே மாதக் கத்திரியில் காலை 6 மணிக்கு முன்பு, இரவு 8 மணிக்குப் பின்பு. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், சென்னையில் ஏனோ வாங்கிக் குவிக்கும் ஹஸ்கிகளுக்கும் அதுவும் அதிகம். கோடையில் அவற்றின் உடற்பயிற்சி வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழேதான்.

நடையின்போது மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் நூலாகத் தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, கால் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. வண்டியைத் தேடும் முன்பே நிழலில் கிடத்திக் குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் நன்றாக ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு நேரே மருத்துவமனை. நாய் எழுந்து நடந்துவிட்டாலும் போக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

பயம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தெருவில் வெடி தொடங்கிவிடும். ஒரே இடத்தில், ஒரே மூலையில் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் இதுதான். இழுக்காதீர்கள், வழியை மாற்றுங்கள்.

எடை. விலா எலும்பு கையில் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும். லாப்ரடார் வீட்டுக்காரர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். பிஸ்கட்டை நிறுத்துங்கள், நடையைச் சிறு சிறு துண்டாக்குங்கள். சாப்பாட்டைக் குறைத்தும் எடை இறங்கவில்லை, முடி மெலிகிறது, எப்போதும் மந்தமாக இருக்கிறது என்றால் தைராய்டு சோதனை.

உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் இதை முதலிலேயே சந்தேகப்படுவது நல்லது. நடைக்கு எழாத, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற நாய்க்கு ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. உண்ணியைப் பிடுங்கிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். நாய் தெம்பில்லாமல் இருப்பதைப் பயிற்சிக் குறை என்று நினைத்து நடத்திக்கொண்டே இருந்த வீடுகள் உண்டு.

மூட்டு. எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறது, படியேறத் தயங்குகிறது, முயல்போல இரு பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓடுகிறது: லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு வழக்கம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரேவும் ரத்தப் பரிசோதனையும் உண்டு; காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளம். நீங்கள் விழுங்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுபுரோஃபென் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

## அறிகுறி: பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

பொழுதுபோகாமல் நக்குவதும் உண்டு, ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். விரலிடுக்கில் உண்ணி, முள், தரை துடைக்கும் பினாயில், ஒவ்வாமை, பூஞ்சை என்ற வரிசையில் பாருங்கள். சிவந்து, நாற்றம் வந்தால் மருத்துவர். எல்லாம் சுத்தமாக இருந்தும் வீடு அமைதியான நேரத்தில் மட்டும் நக்கினால் அப்போது முட்டை அட்டைக் குழிகளில் தீனி போட்டுத் தேட வையுங்கள்.

## அறிகுறி: வயதான நாய் இரவில் தூங்காமல் நடக்கிறது

பகல் முழுக்கத் தூங்க விட்டிருந்தால் காலை, மாலை இருவேளை மெதுவான மோப்ப நடை. சரியாகவில்லை என்றால் வலி, கண் பார்வை, சிறுநீர் உபாதை. மூலையில் போய்த் திரும்பத் தெரியாமல் நிற்கிறது, பழகிய ஆளைத் தெரியவில்லை என்றால் மூளை மூப்பு. மருந்தும் உணவு மாற்றமும் ஓரளவு உதவும்.

## அறிகுறி: சாப்பிட்டபின் ஓடியது, இப்போது வயிறு உப்பியிருக்கிறது

இந்த ஒன்றில் மட்டும் சிறிய காரணம், பெரிய காரணம் என்று வரிசை பார்க்க நேரமில்லை. டோபர்மேன், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய், வயிறு முரசுபோல இறுகி, திரும்பத் திரும்பக் குமட்டியும் ஒன்றும் வெளியே வராமல், நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகும். ஓமத் தண்ணீர், சோடா எதையும் ஊற்றாதீர்கள். இரவானாலும் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து எண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். புறப்படும்போதே அழைத்து, நாயின் எடையையும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.